எள்ளுக்கண் பேய்கள்

போன வாரம் எங்கள் நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. பச்சைக் காகிதத் தட்டில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக இரண்டு புள்ளி. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பெண் போட்டிருந்தாள். "ஹாலோவீன் பார்ட்டிக்கு ஈஸியா வீட்லயே செய்யலாம், கண்ணுக்குக் கறுப்பு எள்ளு" என்று கீழே எழுதியிருந்தாள். ஆளாளுக்குக் கைதட்டியிருந்தார்கள். காலை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீரை எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மாத்திரை நாக்கில் கரைந்து கசந்த பிறகுதான் விழுங்க வேண்டும் என்பதே ஞாபகம் வந்தது.

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், "அது எப்படி ஆன்ட்டி, ஒரு வீடே சேர்ந்து மறைக்க முடியும்?" என்று கேட்பார்கள். வீடு என்ன, ஒரு தெருவே சேர்ந்து மறைத்தது. நான் அதன் நடுவில் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. லாரி ஹாரனும் மின்சார ரயிலும் படுக்கையிலிருந்தே கேட்கும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். தவளை வீட்டுக்குள் வந்து செருப்புக்கடியில் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் அக்டோபரிலேயே மழை பிடித்துக்கொண்டது. துணி காயாத வாடை, சாம்பிராணிப் புகையில் உலர்த்திய பள்ளிச் சீருடை, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஈரச் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிப்ட் வேலை. வீட்டில் பெரும்பாலும் அம்மா, நான், சித்தி மூன்று பேர்தான்.

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். எல்லாருக்கும் அவள் 'பாப்பா'தான். நிறைமாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்துகொண்டு என்னோடு பல்லாங்குழி ஆடுவாள், தோற்றால் சோழியை ஒளித்து வைப்பாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே சித்தப்பா வளைகுடாவுக்குப் போய்விட்டார். கட்டடம் கட்டும் இடத்தில் மேற்பார்வை வேலை. தலை தீபாவளிக்கு வந்துவிடுவேன், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்துக்கு அவர் பேசுவார். சித்தி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்... ம்..." என்று சிரிப்பாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளுக்கு அழகு காட்டுவேன்.

அந்த அக்டோபர் ஆரம்பத்திலேயே சித்தப்பா இறந்துபோய்விட்டார். வேலை நடக்கும் இடத்தில் சாரம் சரிந்து விழுந்துவிட்டது. செய்தி சித்தப்பா வீட்டுக்கு வந்தது, அங்கிருந்து என் மாமாவுக்கு வந்தது. மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். எங்கள் குடும்பத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் அடிப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு இது தெரியக்கூடாது, பிரசவம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்தார். அவ்வளவுதான், எல்லாரும் தலையாட்டினார்கள். சித்திக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. குழந்தைக்குத் தெரிந்தால் வாய் தவறிச் சொல்லிவிடும் என்று என்னிடமும் மறைத்தார்கள்.

நான் பார்த்ததை எல்லாம் இப்போது அடுக்கிப் பார்த்தால் உடம்பு பதறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போவது நின்றது. "அங்க லைன்ல ஏதோ கோளாறாம், சரியானதும் பேசுவாராம்" என்றார் மாமா. பூத்துக்காரர் தெருவில் சித்தியைப் பார்த்தால், ஏதோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி நடந்தார். பூக்காரம்மா தினமும் வாசலுக்கு வருவாள். முன்பெல்லாம் அம்மா அரை முழத்துக்கே பேரம் பேசுவாள். அந்த மாதம் வாங்கினாள் பாருங்கள் பூ! பூக்காரம்மாவும் அளக்காமலே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வச்சுக்கினு போவட்டும்மா கொழந்த. வைக்கிற வரைக்கும் வைக்கட்டும்."

"என்ன பூக்காரம்மா, புள்ள பொறந்தா பூ வைக்கக்கூடாதா?" என்று சித்தி உள்ளேயிருந்து கேட்டாள். பூக்காரம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா சித்திக்குப் பின்னால் நின்றுகொண்டு பூ வைத்துவிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் முகம் கோணிக்கொண்டு போனது. தும்மல் வருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

வளைகாப்பையும் நடத்தினார்கள். நம்ப முடிகிறதா? நாள் குறித்துச் சொந்தபந்தத்துக்குச் சொல்லியாகிவிட்டது, நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று, சித்தப்பாவை எரித்த பிறகு சித்திக்கு வளையல் போட்டார்கள். சித்தப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. "அவங்க ஊர்ல செம மழையாம்" என்றார்கள். கூப்பிட்ட பெண்களில் பாதிப்பேரைக் காணோம். வந்தவர்களும் வளையலைத் தொடவில்லை. அம்மாவே இரண்டு கையிலும் அடுக்கிவிட்டாள். சித்திக்கு மாமியார் வீட்டின் மேல் அப்படி ஒரு கோபம். "வரட்டும் உங்க சித்தப்பா, அவங்கம்மாவை ஒரு கேள்வி கேக்க வைக்கிறேன்" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். எனக்கு அன்றைக்குத் தேங்காய்ச் சாதம் கிடைத்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அமெரிக்கா ஆன்ட்டி பேய் பார்ட்டி வைத்தாள். எங்களுக்கு எதிர்வீடு. அந்த வருஷம்தான் இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியிருந்தாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓட்டை ஓட்டையாக வரும். அங்கே அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் போட்டு மிட்டாய் வாங்கப் போவார்களாம். இங்கே அது இல்லை என்று பிள்ளைகள் அழுதார்களாம். ஆன்ட்டி ஒரு பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி வைத்து கேட்டருகில் வைத்தாள். பால்காரர் அதைத் திருஷ்டி கழித்துப் போட்டது என்று நினைத்து, மிதித்துவிடக்கூடாது என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்.

தெருப் பிள்ளைகள் எல்லாரையும் ஆன்ட்டி கூப்பிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொருவரும் பேய் மாதிரி ஒரு தின்பண்டத்தை வீட்டிலேயே செய்து எடுத்துவர வேண்டும். சுலபமாக இருந்தால் போதும். அவள் எங்களைச் சமையலறையில் உட்கார வைத்து இரண்டு மூன்று செய்து காட்டினாள். பிஸ்கட் மாவை விரல் போல உருட்டி நுனியில் பாதாமைப் பதித்தால் சூனியக்காரியின் விரல். உடைத்த முறுக்குத் துண்டுகளைக் கால்களாகச் செருகினால் குலாப்ஜாமூன் சிலந்தி ஆகிவிடும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படலாம் என்பதே எங்களுக்குப் புதுசு.

அம்மா பல வருஷம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். பார்ட்டிக்கு முன்னால் ஆன்ட்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து, "உங்க வீட்ல இப்படி இருக்கும்போது நான் இதை நடத்தறது நல்லா இல்லைங்க, விட்டுடறேன்" என்றாளாம். அம்மாதான், "வேணாங்க, நடத்துங்க. நீங்க நிறுத்தினா ஏன்னு கேப்பா" என்று கெஞ்சினாளாம். பேய் பார்ட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள், அதையும் பொய்க்கு முட்டுக் கொடுக்க வைத்துவிட்டார்கள்.

பார்ட்டி சாயங்காலம். அன்று காலையிலேயே மாமா செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பிப் போயிருந்தார். ஆபீஸ் வேலை என்று சித்தியிடம் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவின் ஊர் அந்தப் பக்கம்தான். பாலாற்றங்கரையில் அன்றைக்குத்தான் அவருக்குக் கருமாதி.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நான் சித்தியைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரும் விரல் செய்றாங்க, சிலந்தி செய்றாங்க. எனக்கு யாரும் செய்யாதது வேணும்."

"பேயே செஞ்சிடலாம்டி. விரலை மட்டும் செஞ்சு என்ன பண்றது? முழுசா செய்வோம்."

பச்சரிசியைக் குழைய வடித்தாள். அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கரண்டியால் மசித்து, சர்க்கரையும் பால் பவுடரும் ஏலப்பொடியும் போட்டுப் பிசைந்தாள். மாவு சூடாக இருந்தது. ஏலக்காய் வாசனைக்கு வீட்டில் இருந்த ஈர வாடைகூட ஓடிப்போனது. வளையலில் எல்லாம் மாவு அப்பிக்கொண்டது. வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரைக்கும் கழற்றக்கூடாது. சித்தி அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கழற்றி, பக்கத்தில் குவியலாக வைத்தாள். நெற்றியில் வேர்த்ததைப் புறங்கையால் துடைத்தபோது குங்குமமும் போய்விட்டது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நாங்கள் கூடத்தில், பின்கட்டுக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மழை நாள், அந்தக் கதவு வழியாகத்தான் வெளிச்சம். அது தெற்குப் பார்த்த கதவு. தட்டில் வைத்தால் திரும்ப வாங்கி வருவதற்குள் தொலைந்துவிடும் என்று அம்மா சொன்னதால், தோட்டத்து வாழையில் ஒரு நுனி இலையை நறுக்கி வந்தேன். உருண்டைகள் ஒட்டாமலிருக்க அதில் தண்ணீர் தெளித்தாள் சித்தி. வெள்ளை உருண்டைகளைப் பிடித்து, உச்சியை லேசாகக் கிள்ளித் தலையாக்கி, வரிசையாக வைத்தாள். கண்ணுக்கு என் வேலை, கறுப்பு எள். ஈர விரலில் எள் ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கு நாலாக விழுந்தது.

"சித்தி, இந்தப் பேய்க்கு ஏழெட்டுக் கண்ணு."

"இருக்கட்டும். அது உங்க மாமா. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாரு இல்ல?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் வயிற்றில் பிள்ளை உதைத்தது போலிருக்கிறது. சித்தி என் கையை இழுத்து அங்கே வைத்தாள். அம்மா அடுக்களையிலிருந்து வந்து எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்தே இலையை எட்டிப் பார்த்தாள், "நல்லா இருக்கே" என்றாள், திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஆற்றங்கரையில் ஆண்கள் செய்கிற காரியங்களுக்கு எங்கள் பக்கம் பெண்கள் போவதில்லை. பிண்டம் என்ற வார்த்தையைத்தான் கேட்டிருந்தோமே தவிர, அது எப்படி இருக்கும் என்று அம்மாவும் பார்த்ததில்லை, சித்தியும் பார்த்ததில்லை. தெற்குப் பார்த்து உட்கார்ந்து, வெந்த பச்சரிசியை உருட்டி, எள்ளைத் தெளித்து, நுனி இலையில் வரிசையாக வைப்பார்கள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் பின்கட்டுக் கதவு வழியாக மாமா வந்தார். சாவுக் காரியத்துக்குப் போய் வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று கதவுக்கு மறைவாக இருந்த கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட, ஈர வேட்டியோடு வாசற்படியில் காலை வைத்தார்.

"என்னண்ணா, நல்லா நனைஞ்சிட்டியா? குடை எடுத்துட்டுப் போகலையா?" என்றாள் சித்தி.

மாமா வாசற்படியிலேயே நின்றார். அவர் கண் இலையில் நின்றது. அப்புறம் குவித்து வைத்த வளையல், சித்தியின் வெறும் கை, வெறும் நெற்றி. அவர் முகம் போன போக்கை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ! யாரு சொன்னது இவகிட்ட? நீ சொன்னியா? நான் இப்பதானே அங்க எல்லாத்தையும் ஆத்துல விட்டுட்டு வர்றேன்! இவ இங்க தனியா உக்காந்து பிண்டம் புடிச்சிக்கிட்டு இருக்காளே! வளையலைக்கூடக் கழட்டி வச்சிட்டாளே!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

சித்திக்கு இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "பிண்டமா? பேய்ணா இது. இவ பார்ட்டிக்கு" என்றாள். சொல்லும்போதே அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"யாருக்குண்ணா பிண்டம்?"

மாமாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. யாரும் சொல்லவில்லை, சொன்னது அவரேதான். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய மனிதர், நரைத்த மீசை, ஊரே மரியாதையாகப் பேசும் ஆள். தப்புச் செய்த பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அவருக்கா?" என்றாள் சித்தி.

மாமா பாய்ந்து வந்து இலையைப் பிடித்து இழுத்தார், அதைத் தூக்கி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல. எனக்கோ என் பேய்கள் போகிறதே என்ற பயம். நான் முந்திக்கொண்டு இலையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சட்டையெல்லாம் எள்.

சித்தி சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?" என்றாள். அம்மா அழ ஆரம்பித்தாள். அதுவே பதில்தான். பிறகு சித்தி என் பக்கம் குனிந்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியுமா குட்டி?"

எனக்கு அந்த நிமிஷம் கூட முழுசாகத் தெரியவில்லை. "என்ன சித்தி?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். சித்திக்கு அந்த அதிர்ச்சியில் ஒன்றும் ஆகவில்லை. மாமா பயந்தது எதுவும் நடக்கவில்லை. குழந்தை அதற்குரிய நாளில், நல்லபடியாக, காது கிழியக் கத்திக்கொண்டு பிறந்தது. சித்தி இப்போது பள்ளிக்கரணையில் அந்த மகனோடுதான் இருக்கிறாள். ஆனால் அன்று அறைக்குள் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். மாமா வெளியிலிருந்து கதவை இடித்தார், "பாப்பா, பாப்பா, கதவைத் திறம்மா" என்று. அந்தக் கதவே அழுவது மாதிரி இருந்தது.

சித்தி கட்டிலில் உட்காரவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். நான் இலையோடு அவள் எதிரில். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. குரலும் நடுங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேள்வி கேட்டாள்.

"எப்படிப் போனாரு?"

சாரம் சரிந்ததை மாமா சொன்னார்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. தூங்குற மாதிரி..."

"பொய் சொல்லாதண்ணா. இனிமே சொல்லாத."

"பெட்டியைத் தெறக்கலம்மா. தெறக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. நாங்க யாருமே பாக்கல."

"மீனம்பாக்கத்துல இறக்கினாங்களா? எந்த வழியா ஊருக்குக் கொண்டுபோனீங்க?"

"ஜி.எஸ்.டி. ரோட்லதான்."

"நம்ம தெரு முனையைத் தாண்டியா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

அம்மாதான் சொன்னாள், வார்த்தை வார்த்தையாக, விக்கி விக்கி. "வளையல் கலர் பாக்கணும்னு கடைக்குக் கூப்பிட்டே. நான்தான் தலைவலின்னு சொல்லிட்டேன். ரோட்டுப் பக்கம் போயிடுவியோன்னு..."

சித்தி தலையைக் கதவில் மோதிக்கொண்டாள், ஒரே ஒரு தரம். அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. சித்தப்பா இந்தச் சாலையில், எங்கள் தெருமுனையில், கூப்பிடு தூரத்தில் போயிருக்கிறார். இவள் வளையலுக்கு என்ன கலர் என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பேய்க்குப் பயந்திருக்கிறேன், வாத்தியாருக்குப் பயந்திருக்கிறேன். என்னைப் பெற்றவளை நினைத்து அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பயந்தேன்.

வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. அமெரிக்கா ஆன்ட்டியின் மகள். "அவ ரெடியா? பார்ட்டி ஸ்டார்ட் ஆச்சு!" அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவது கேட்டது. "அவளுக்குக் காய்ச்சல் கண்ணு. இன்னிக்கு வரமாட்டா."

சித்தி என்னைப் பார்த்தாள். "பாத்தியா, உங்கம்மாவுக்கு எவ்வளவு சுலபமா வருது" என்றாள்.

எதிர்வீட்டில் பாட்டு ஆரம்பித்தது. பிள்ளைகள் பேய் மாதிரி ஊளையிட்டார்கள். சித்தி என்னை இழுத்து மடியோரம் சாய்த்துக்கொண்டு, என் சட்டையில் ஒட்டியிருந்த எள்ளைப் பொறுக்கினாள். அப்போதுதான் அழுதாள். அழுகை என்றால் வாயைத் திறந்து, மூச்சுத் திணறி, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வெளியே மாமாவும் அழுதார். நானும் அழுதேன், சித்தப்பாவுக்காக அல்ல, அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவளைப் பார்க்கச் சகிக்காமல்தான் அழுதேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். மாமாவும் அம்மாவும் கதவுக்கு வெளியே தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்து இலையை வாங்கித் தரையில் வைத்தாள். பாதிப் பேய்கள் நசுங்கியிருந்தன. நசுங்காத ஒன்றைப் பார்த்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

மாமா அலறிவிட்டார். "ஐயோ, வேணாம் பாப்பா! அதைப் போயி வாயில வைக்காத! வயித்துப் புள்ளக்காரி, அது..."

"இது பேய்ணா. நானும் இவளும் பார்ட்டிக்குச் செஞ்சது. நீங்க செஞ்சது வேற. அதைத்தான் என் கண்ணுல காட்டவே இல்லையே."

வாயில் போட்டு மென்றாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மென்று, விழுங்கினாள். உதட்டோரம் ஒரு எள் ஒட்டியிருந்தது. பிறகு இன்னொன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"நீயும் சாப்பிடு."

"என்னம்மா இது..."

"சாப்பிடுண்ணா. சர்க்கரை போட்டுத்தான் செஞ்சிருக்கோம்."

மாமா வாங்கிக்கொண்டார். சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை வாயில் போட்டார், நீர் மாலை மாலையாக வழிய மென்றார், கஷ்டப்பட்டு விழுங்கினார். விழுங்கி முடிக்கும் வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப அக்காவுக்கு" என்று சொல்லி, இலையிலிருந்து அடுத்ததை எடுத்தாள் சித்தி.